சோபா தூரம்

ஹூட்டர் அலறியது.

ஹாமித் கையிலிருந்த பாதி வடையைத் தாளோடு கீழே வைத்துவிட்டு மவுஸைப் பிடித்தான். திரையில் சிவப்புக் கட்டம் ஒன்று எழும்பி நின்றது. கரியைச் சுமந்து ஓடும் ஒன்பதாம் பெல்ட் கொஞ்சம் ஓரம் ஒதுங்கி ஓடுகிறதாம். மழைக்காலத்தில் இது தினப்படி நடக்கிற விஷயம். கட்டத்தின் அடியில் 'பார்த்தாயிற்று' என்று ஒரு பட்டன் இருக்கும். அதை ஒரு தட்டு தட்டினால் ஹூட்டர் வாயை மூடிக்கொள்ளும்.

இன்றைக்குக் கட்டம் இருந்தது. அதன் அடிப்பாகத்தைத்தான் காணவில்லை. எழுத்துகள் ஒவ்வொன்றும் இட்லி அளவுக்குப் பருத்திருந்தன. அவற்றைத் தாங்குவதற்காகக் கட்டமும் பருத்து, இடுப்புக்குக் கீழே திரையைத் தாண்டிப் போயிருந்தது. ஹாமித் மவுஸைக் கீழே கீழே இழுத்தான். அம்பு திரையின் விளிம்பில் முட்டிக்கொண்டு நின்றது. பதற்றத்தில் ஒருமுறை மேஜைக்கு அடியில்கூடக் குனிந்து பார்த்துவிட்டான்.

ஜெனரல் மேனேஜர் கோபாலகிருஷ்ணன் காதில் விரலை வைத்துக்கொண்டு உள்ளே வந்தார்.

"என்னய்யா சத்தம்?"

"ஹூட்டர் சார்."

"அது தெரியுது. நிறுத்து."

"நிறுத்துற பட்டன் கீழ போயிடுச்சு சார்."

"கீழன்னா?"

"ஸ்க்ரீனுக்குக் கீழ சார்."

கோபாலகிருஷ்ணன் தரையைப் பார்த்தார். தரை சுத்தமாக இருந்தது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு ஹூட்டரின் வயரைப் பிடுங்கச் சொன்னார். அமைதி திரும்பியது. அந்த மாத அறிக்கையில் 'அபாய ஒலிகள்: இல்லை' என்று எழுதப்பட்டது. கம்பெனி தொடங்கிய நாளிலிருந்து அபாய ஒலியே இல்லாத முதல் மாதம் இதுதான் என்று சென்னையிலிருந்து பாராட்டும் வந்தது.

மணிமுத்தா பெல்ட் கம்பெனி நெய்வேலி டவுன்ஷிப்புக்கு வெளியே, ரயில் பாதையைத் தாண்டி இருக்கிறது. பழுப்பு நிலக்கரியை வாங்கி, பெல்ட் பெல்ட்டாக ஏற்றி, நசுக்கி, செங்கல்போலக் கட்டிகளாக அடித்து விற்பதுதான் அதன் தொழில். மொத்தம் பதினேழு பெல்ட்டுகள். ஓட்டுவதும் நிறுத்துவதும் கட்டுப்பாட்டு அறையின் ஒரே கம்ப்யூட்டரிலிருந்து. அந்தக் கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்காருகிறவன் ஹாமித். டவுன்ஷிப் மெயின் பஜாரில் அவன் வாப்பாவுக்குத் துணிக்கடை இருந்தது. கடை போனது, ஹாமித் கான்ட்ராக்டில் சேர்ந்தான். இந்த வருஷம் கான்ட்ராக்ட் புதுப்பிக்கப்படுமா என்று அவன் மனைவி ஆசிஃபா தினமும் கேட்கிறாள். கோபாலகிருஷ்ணனின் முகத்தைப் பார்த்து அவனும் தினமும் ஒரு பதிலைச் சொல்கிறான்.

முன்பு இருந்தது பழைய குட்டைத் திரை. பதினேழு பெல்ட்டும் அதில் அடங்கின, எழுத்தும் படிக்கிற அளவில் இருந்தது. ஆகவே அது நவீனமில்லை என்று முடிவாயிற்று. பாதுகாப்புக்கென்று ஒதுக்கிய தொகையில், கதவைப் படுக்கப்போட்ட அளவுக்கு ஒரு புதுத் திரை வந்து சுவரில் உட்கார்ந்தது. அதில் எண்பது லட்சம் புள்ளிகள் இருப்பதாகத் திறப்பு விழாவில் சொன்னார்கள். எல்லோரும் கைதட்டினார்கள். திரையைப் போட்டதும் எண்பது லட்சம் புள்ளிகளும் தெரிந்தன, எழுத்துதான் தெரியவில்லை. புள்ளி பெருகப் பெருக எழுத்து சிறுக்கும் என்பதை யாரும் சொல்லியிருக்கவில்லை. பெல்ட்டின் பெயர்கள் சர்க்கரைக்கு வந்த எறும்புபோல வரிசையாக ஊர்ந்தன.

ஹாமித் நாற்காலியை இழுத்துப்போட்டு, மூக்கு திரையில் படுகிற தூரத்தில் உட்கார்ந்து வேலை பார்த்தான். அது பிரச்சினையாகத் தெரியவில்லை. சென்னையிலிருந்து டைரக்டர் வந்தபோதுதான் பிரச்சினையாயிற்று.

கட்டுப்பாட்டு அறையின் பின்சுவரை ஒட்டி விருந்தினருக்கென்று சோபா ஒன்று கிடக்கிறது. டைரக்டர் அதில் உட்கார்ந்து பண்ருட்டி முந்திரியை மென்றபடி திரையைப் பார்த்தார். கண்ணைச் சுருக்கினார். "ஒண்ணும் படிக்க முடியலையே" என்றார். அவர் கார் ஏறுவதற்குள் கம்பெனியில் ஒரு குழு பிறந்துவிட்டது. காட்சித் தெளிவுக் குழு என்று பெயர். தலைவர் கோபாலகிருஷ்ணன். உறுப்பினர் கம்ப்யூட்டர் பிரிவின் சுதாகர். சோபாவிலிருந்து படிக்கும்படி எழுத்து இருக்க வேண்டும் என்று குழு தீர்மானித்தது. அதற்குச் 'சோபா தூரம்' என்று பெயரிட்டு, டேப் வைத்து அளந்து, கோப்பில் சேர்த்தார்கள். சுதாகர் எழுத்தை இரண்டேகால் மடங்கு பெரிதாக்கினான். பெல்ட் ஓட்டும் புரோகிராம் பழையது. எழுத்து பெருத்தால் அதற்குத் தானும் பருக்கத் தெரியும், திரைக்குள் ஒடுங்கத் தெரியாது. அது வலப்பக்கமாகவும் கீழ்ப்பக்கமாகவும் திரையை விட்டு வழிந்தது. கீழே போனது 'பார்த்தாயிற்று' பட்டன். வலப்பக்கம் போனது பதினேழாம் பெல்ட்.

ஹாமித் பயந்தது இதற்குத்தான். பதினேழாம் பெல்ட்டில் வேலை பார்ப்பவன் சிலம்பரசன்.

சிலம்பரசன் வளையமாதேவிக்காரன். ஹாமித்தான் பேசி வேலையில் சேர்த்துவிட்டான். பெல்ட்டின் கடைசியில் சுழலும் உருளையில் மழை நேரத்தில் கரி களிபோல அப்பிக்கொள்ளும். பெல்ட்டை நிறுத்திவிட்டு, அடியில் நுழைந்து, கம்பியால் சுரண்டி எடுக்க வேண்டும். இழுத்தால் பெல்ட் நிற்கிற கயிறு ஒன்று பக்கத்திலேயே உண்டு. அது அறுந்து கிடந்தது. புதுக் கயிறு கேட்டதற்கு, பாதுகாப்புத் தொகை முழுவதும் திரைக்குப் போய்விட்டதாகப் பதில் வந்திருந்தது.

ஹாமித் கோபாலகிருஷ்ணனின் அறைக்குப் போனான்.

"சார், பதினேழு ஸ்க்ரீன்ல இல்ல."

"பதினாறு எப்படி இருக்கு?"

"அது நல்லா இருக்கு சார்."

"ஒண்ணுலேர்ந்து பதினாறு வரைக்கும் சோபாவுலேர்ந்தே தெரியுது. முன்னால பதினேழும் இருந்துச்சு, ஒண்ணுமே தெரியல. எது முன்னேற்றம்? நீயே சொல்லு."

"எழுத்தைக் கொஞ்சம் குறைச்சா..."

"குறைக்கிறதா?" கோபாலகிருஷ்ணன் நாற்காலியில் சாய்ந்தார். "இந்தக் கம்பெனியில நான் பெருக்கினேன், உயர்த்தினேன், விரிவாக்கினேன்னு எழுதியிருக்கேன். குறைச்சேன்னு இதுவரைக்கும் ஒரு வரி எழுதினதில்ல. இனிமேலும் எழுதமாட்டேன்."

அருகிலிருந்த சுதாகர் தொண்டையைச் செருமினான். "சார், ஒரு வழி இருக்கு. ரெசல்யூஷனைப் பழைய அளவுக்கு இறக்கிட்டா, பழைய படம் அப்படியே பெருசா வரும். எல்லாப் பெல்ட்டும் தெரியும். எழுத்தும் ஓரளவுக்குத் தெரியும்."

"இறக்கினா எத்தனை புள்ளி வேலை செய்யும்?"

"பதிமூணு லட்சம் சார்."

"வாங்கினது எண்பது லட்சம். மிச்சம் அறுபத்தேழு லட்சம் புள்ளி என்ன பண்ணிக்கிட்டு இருக்கும்? ஆடிட்டர் கேட்டா, அது சும்மா உக்காந்திருக்குன்னு சொல்லவா? ஆளுங்களைத்தான் இங்க சும்மா உக்கார வச்சுச் சம்பளம் கொடுக்கிறோம். புள்ளியையுமா?"

சுதாகர் தலையாட்டிவிட்டு நகர்ந்தான். வெளியே வந்ததும் ஹாமித்தின் தோளில் கை போட்டான்.

"பாய், பட்டன் எங்கயும் போயிடல. ஸ்க்ரீனுக்கு வெளிய இருக்கு, அவ்வளவுதான். மவுஸ் போகாது, கீ போகும். டேப் கீயை ஒவ்வொரு தடவை அமுக்கினா, ஒவ்வொரு பட்டனா தாவிக்கிட்டே போகும். அஞ்சு தடவை அமுக்கினா பதினேழோட ஸ்டாப். அப்புறம் என்டர். பாக்க வேணாம்."

"பாக்காமலா?"

"கண்ணை மூடிக்கிட்டு டைப் அடிக்கிறவங்க இல்லையா? அந்த மாதிரி."

"அதுக்கு முன்னால நாலாவது என்ன?"

"ஸ்டார்ட்."

ஹாமித் கையை டவுசரில் துடைத்துக்கொண்டான்.

இந்த முறையைக் காட்சித் தெளிவுக் குழு வெகுவாக ரசித்தது. 'பார்வை சாராப் பட்டன் இயக்கம்' என்று பெயர் வைத்து, அரை நாள் பயிற்சி வகுப்பு நடத்தியது. தேநீரும் கேசரியும் தந்தார்கள். ஹாமித்துக்குச் சான்றிதழ் கொடுக்கும்போது கோபாலகிருஷ்ணன் பேசினார்: "பார்த்துச் செய்கிறவன் தொழிலாளி. பார்க்காமல் செய்கிறவன் நிபுணன். நிர்வாகத்தில் நாங்கள் இருபத்தைந்து வருஷமாக இப்படித்தான் இயங்கிக்கொண்டிருக்கிறோம்." எல்லோரும் கைதட்டினார்கள்.

ஹாமித்துக்கு வகுப்பில் நம்பிக்கை வரவில்லை. அவன் நம்பியது சிலம்பரசனின் செல்போனை.

"சிலம்பு, ஸ்டாப் போட்டுட்டேன். நின்னுச்சா?"

"நின்னுகினு இருக்குது பாய்."

"நல்லாப் பாத்துச் சொல்லுடா."

"பாய், நான் அதும்மேல குந்திகினு பேசறேன். ஓடிச்சுன்னா இந்நேரம் உங்க ரூமாண்ட வந்திருப்பேன்."

"வாயில அடி. உள்ள போறதுக்கு முன்னால இன்னொரு தடவை சொல்லிட்டுப் போ."

"எம் பொஞ்சாதி சத்யாவே என்னை இந்தக் கேள்வி கேக்காது. நேத்து வேற சொல்லுது, பாய்க்குக் கருவாட்டுக் கொழம்பு குடுத்தனுப்பறேன், பாய் வூட்ல ஒத்துக்குமான்னு."

"ஒத்துக்காம என்ன? வாளியோட அனுப்பச் சொல்லு."

இப்படித்தான் ஓடியது. திரையில் இல்லாத பெல்ட்டை ஹாமித் சிலம்பரசனின் குரலில் பார்த்தான். மழை பிடித்துக்கொண்டது. ஒரு ஷிப்டில் பலமுறை கரி அப்பியது. பலமுறை போன் வந்தது. ஒவ்வொரு முறையும் 'நின்னுகினு இருக்குது பாய்' என்று கேட்ட பிறகுதான் ஹாமித் மூச்சை விட்டான்.

பாதுகாப்பு வாரம் வந்தது. பெல்ட் ஓரத்தில் ஆட்கள் செல்போனில் பேசிக்கொண்டே வேலை பார்ப்பதைக் கோபாலகிருஷ்ணன் கண்டுபிடித்தார். கவனச் சிதறல், ஆபத்து, உடனடித் தடை. வாசலில் போன்களை வாங்கிப் பெட்டியில் போட்டுப் பூட்டினார்கள். பெல்ட்டின் மறுமுனையில் சுவரில் மாட்டிய இன்டர்காம் இருக்கிறது, அவசரமென்றால் அதில் பேசலாம் என்றார்கள். இன்டர்காம் இருக்கும் இடத்திலிருந்து பார்த்தால் கடைசி உருளை தெரியாது. நடந்து போக வேண்டும்.

ஹாமித் மறுபடி கோபாலகிருஷ்ணனின் அறைக்குப் போனான்.

"சார், அவன் போன்ல சொன்னாதான் எனக்குப் பெல்ட் நின்னது தெரியும்."

"ஏன், ஸ்க்ரீன் இருக்கே?"

"ஸ்க்ரீன்லதான் பதினேழு இல்லையே சார்."

"அப்ப போன் இருந்தா இன்னும் ஆபத்து. ஸ்க்ரீன்ல இல்லாத பெல்ட்டைப் பத்திக் கம்பெனி நேரத்துல பேசிக்கிட்டிருந்தீங்கன்னு ஆகும்." அவர் குரலைத் தாழ்த்தினார். "அடுத்த வாரம் உன் கான்ட்ராக்ட் ஃபைல் என் மேஜைக்கு வருது ஹாமித். நல்ல பேரோட வரட்டும்."

ஹாமித் திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டான்.

டைரக்டர் இரண்டாம் முறை வருவதாகத் தகவல் வந்தபோது காட்சித் தெளிவுக் குழு அவசரமாகக் கூடியது. போன தடவைக்கு இந்தத் தடவை ஏதாவது கூடுதலாக இருக்க வேண்டும். திரையின் உச்சியில் டைரக்டரின் பெயரோடு ஒரு வரவேற்புப் பட்டை ஓட வேண்டும், இரண்டு பக்கமும் குத்துவிளக்கு எரிய வேண்டும் என்று முடிவாயிற்று. சுதாகர் முந்தின நாள் மாலை அதைப் புரோகிராமுக்குள்ளேயே செருகினான். பட்டையின் மூலையில், வேண்டாமென்றால் மூடுவதற்குச் சின்னதாக ஒரு பெருக்கல் குறி. அதுவும் ஒரு பட்டன்தான்.

பட்டையைப் பற்றி ஹாமித்திடம் யாரும் சொல்லவில்லை. காலையில் வந்தவன் குத்துவிளக்கைப் பார்த்தான். நன்றாகத்தான் எரிந்தது.

டைரக்டர் சோபாவில் உட்கார்ந்தார். முந்திரி வந்தது. கரி கொட்டும் தொட்டி நிறைந்துவிட்டதால், பதினேழாம் பெல்ட் அந்நேரம் தானாகவே நின்றிருந்தது. இன்டர்காம் மெதுவாகக் கிணுகிணுத்தது. ஹாமித் கையால் வாயைப் பொத்திக்கொண்டு எடுத்தான்.

"பாய், பெல்ட்டு தானா நின்னுகினு இருக்குது. ஒரேயடியா அப்பிக்கிச்சு. உள்ள பூந்து எடுத்துட்டு வந்துடறேன். எதுக்கும் நீங்க ஒரு ஸ்டாப்பு போட்டு வச்சுடுங்க. தொட்டி காலியாச்சுன்னா தானா கெளம்பிடும்."

"போடறேன். நான் போட்டப்புறம் போ."

"என்ன பாய்? மழை சத்தம், கேக்கல."

"போட்டப்புறம் போ!"

"சரி, போட்டுடுங்க" என்றான் சிலம்பரசன். இன்டர்காமை வைத்துவிட்டான்.

ஹாமித் கீபோர்டுக்குக் கையைக் கொண்டுபோனான். படமெடுக்க வந்திருந்த போட்டோகிராபர் அவன் நாற்காலியைப் பிடித்து நகர்த்தினார். டைரக்டர் கம்ப்யூட்டரை இயக்குவதுபோல ஒரு படம் வேண்டுமாம். டைரக்டர் வந்து உட்கார்ந்து மவுஸைப் பிடித்தார். கோபாலகிருஷ்ணன் பின்னால் நின்று திரையைச் சுட்டிக்காட்டினார். வெளிச்சம் சரியில்லை என்று இன்னொன்று எடுத்தார்கள். கண்ணாடியைக் கழற்றிவிட்டு இன்னொன்று.

"சார், ஒரு நிமிஷம், ஒரு கீ மட்டும்..." என்றான் ஹாமித்.

"ஹாமித்!" என்றார் கோபாலகிருஷ்ணன், புன்னகையைக் கலைக்காமல்.

டைரக்டர் எழுந்து சோபாவுக்குத் திரும்பியதும் ஹாமித் பாய்ந்து உட்கார்ந்தான். டேப்பை ஐந்து முறை அமுக்கினான். நிதானமாகத்தான் எண்ணினான். முதல் தாவல் வரவேற்புப் பட்டையின் பெருக்கல் குறியில் போய் நின்றது அவனுக்குத் தெரியாது. ஐந்தாவது தாவல் எங்கே நின்றது என்பது திரையில் தெரியாது. என்டரை அமுக்கினான்.

சோபாவிலிருந்து டைரக்டரின் குரல் வந்தது. "பிரமாதம் கோபாலகிருஷ்ணன். ஒவ்வொரு எழுத்தும் கண்ணாடி இல்லாமயே தெரியுது."

திரையில் ஒன்று முதல் பதினாறு வரை பச்சையாக ஒளிர்ந்தன. எங்கேயும் சிவப்பு இல்லை. இன்டர்காம் அடிக்கவில்லை. ஹூட்டருக்கு வயர் இல்லை. பெல்ட் பக்கத்திலிருந்து ஆட்கள் மழையில் கத்திக்கொண்டே ஓடி வந்தபோது டைரக்டருக்குச் சால்வை போர்த்திக்கொண்டிருந்தார்கள்.

சிலம்பரசனை வெளியே எடுக்கப் பெல்ட்டை அறுக்க வேண்டியிருந்தது.

விசாரணைக் குழுவை அமைக்க நேரமில்லை. இருக்கிற காட்சித் தெளிவுக் குழுவே விசாரிக்கும் என்று சென்னை சொல்லிவிட்டது. சாட்சியம் கலையக் கூடாது என்பதால் திரையை யாரும் தொடவில்லை. குத்துவிளக்கு மட்டும் துக்கத்துக்குப் பொருந்தாது என்று பட்டையை மூடினார்கள்.

விசாரணைக்கு முன்னால் கோபாலகிருஷ்ணன் ஹாமித்தைத் தனியே அழைத்தார். அவர் குரலில் உண்மையாகவே பரிவு இருந்தது.

"ஹாமித், ஒரே ஒரு கேள்விதான். பட்டன் தெரிஞ்சுதா, இல்லையா? தெரியலைன்னு சொன்னா, தெரியாத பட்டனை அமுக்கி ஒருத்தனைக் கொன்னவன் நீ. போலீஸ், கோர்ட், எல்லாம் உன் ஒருத்தனுக்கு. தெரிஞ்சுதுன்னு சொன்னா, நீ பாத்துச் சரியாத்தான் அமுக்கியிருக்க. அவன்தான் அனுமதி இல்லாம உள்ள போயிருக்கான். யார் மேலயும் குத்தம் இல்ல, செத்தவனைத் தவிர. அவனுக்கு இனிமே என்ன ஆகப் போகுது?"

"அவன் வூட்டுக்காரிக்கு சார்? நஷ்டஈடு, வேலை..."

"அனுமதி இல்லாம போனவன் குடும்பத்துக்கு விதியில இடமில்ல. மனிதாபிமானத்துல ஏதாவது பாக்கலாம். உன் ஃபைல்ல இன்னும் கையெழுத்துப் போடல. ஆசிஃபாவுக்குச் சுகர்னு சொன்னியே, இப்ப எப்படி இருக்கு?"

கட்டுப்பாட்டு அறையில் மேஜை போட்டிருந்தது. இறந்தவர் தரப்பில் ஒருவர் இருக்க வேண்டும் என்பது விதி. ஆகவே சத்யாவை வரச் சொல்லியிருந்தார்கள். வெளியாள் உட்கார வேறு இடமில்லாததால் அவளைச் சோபாவில் உட்கார வைத்தார்கள். அவள் நுனியில் உட்கார்ந்து, திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஹாமித் அவள் பக்கம் திரும்பவில்லை.

சுதாகர் குழுவின் முன்னுரையைப் படித்தான். சம்பவ நேரத்தில் திரையில் தெரிந்த எந்தப் பெல்ட்டிலும் விபத்து நடக்கவில்லை என்பதைக் குழு திருப்தியுடன் பதிவு செய்கிறது. திரையின் தெளிவு மிக உயர்ந்த தரத்தில் இருந்ததற்கு டைரக்டரே சாட்சி. பார்வை சாராப் பட்டன் இயக்கம் என்பது ஒரு விருப்பப் பயிற்சி மட்டுமே, அதை நிர்வாகம் யார் மீதும் திணிக்கவில்லை.

கோபாலகிருஷ்ணன் பேனாவைத் திறந்தார்.

"திரு. ஹாமித். சம்பவத்தன்னைக்கு நீங்க பதினேழாம் பெல்ட்டோட ஸ்டாப் பட்டனை அமுக்கினீங்களா?"

"அமுக்கினேன் சார்."

"அமுக்கும்போது அந்தப் பட்டன் இந்தத் திரையில உங்களுக்குத் தெரிஞ்சுதா?"

சுதாகர் கீபோர்டையே பார்த்துக்கொண்டிருந்தான். வெளியே எங்கோ ஒரு பெல்ட் ஓடத் தொடங்கியது. அந்தச் சத்தத்துக்கு ஹாமித்தின் தோள் ஒருமுறை தூக்கிப்போட்டது.

"தெரிஞ்சுது சார்."

"எப்படித் தெரிஞ்சுது?"

"நல்லாத் தெரிஞ்சுது சார்."

கோபாலகிருஷ்ணன் எழுதினார். எழுதி முடித்ததும், குடும்பத்தார் ஏதாவது கேட்க வேண்டுமா என்று விதிப்படி கேட்டார். பதிலை எதிர்பாராமல் பேனாவை மூடத் தொடங்கினார்.

சத்யா எழுந்து நின்றாள். திரையின் இடக்கோடியிலிருந்து வலக்கோடி வரை, ஒன்று, இரண்டு என்று உதட்டுக்குள் படித்துக்கொண்டே வந்தாள். பதினாறில் நின்றாள். அதற்கப்பால் சுவர்தான் இருந்தது. அவள் முதல் தடவையாக ஹாமித்தைப் பார்த்தாள்.

"எனக்கும் படிக்கத் தெரியும் பாய். இவ்ளோ பெரிய எழுத்துல போட்டு வச்சிருக்காங்க, ஒண்ணுவிடாம தெரியுது. நீங்க பாத்த அந்தப் பட்டன் எங்க இருக்குதுன்னு, எழுந்து வந்து ஒரு வெரலு வச்சுக் காட்டுங்க."